பாட்டு ஓடுதா? - தமிழ்நாட்டில் லினக்ஸ் டெஸ்க்டாப்பின் கதை

பூந்தமல்லியைத் தாண்டி திருவள்ளூர் சாலையைப் பிடித்தால் சிறிது நேரத்தில் திருமழிசை வந்துவிடும். ஆழ்வார் பிறந்த ஊர். ஜெகந்நாதப் பெருமாள் கோயில் ஒரு பக்கம், ஒத்தாண்டேஸ்வரர் கோயில் ஒரு பக்கம், நடுவே சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகள். அதே சாலையில் இன்னும் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் போனால் திருவள்ளூர். அதை ஒட்டி காக்களூர்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, அந்தக் காக்களூரில் வைத்துத்தான் முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் டூ படிப்பவர்களுக்கும் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் லேப்டாப். முதல் ஆண்டில் மட்டும் 9.12 லட்சம், ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம் என்பது அரசு போட்ட கணக்கு. 14 அங்குலத் திரை, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அன்றைய நிலவரத்துக்கு அது நல்ல மெஷின்தான்.

இதில் பலரும் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. அந்த லேப்டாப்பில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று பாஸ் லினக்ஸ். (முந்தைய வருடம்தான் 'பாஸ் என்கிற பாஸ்கரன்' படம் வந்திருந்தது. இந்த பாஸுக்கும் அந்த பாஸுக்கும் சம்பந்தம் இல்லை. இது 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம்.) இது வெளிநாட்டுச் சரக்கும் அல்ல. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையமும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையமும் சேர்ந்து 2005-ல் திறமூல மென்பொருளுக்கென ஒரு தேசிய வள மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாகி, 2007-ல் முதல் பதிப்பு வெளியானதுதான் பாஸ்.

அந்த நாளில் நடந்த விவாதங்கள் எல்லாம் பெரிய விஷயங்களைப் பற்றியவை. அரசுப் பணத்தில் ஏன் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் கேட்டார்கள். வேலைக்குப் போகும் இடத்தில் விண்டோஸ்தானே இருக்கும் என்று மறுதரப்பு கேட்டது. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் லேப்டாப் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அம்மா, தம்பி, பக்கத்து வீட்டுப் பையன் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு கேட்கும் கேள்வி வேறு. "இதுல பாட்டு ஓடுதா?"

லினக்ஸ் டெஸ்க்டாப் பல வீடுகளில் ஜெயித்ததும் தோற்றதும் இந்த ஒரு கேள்வியில்தான். அதற்கு "ஓடும்" என்று பதில் சொல்ல உலகம் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

முதலில் படம் தெரிய வேண்டும் இல்லையா? லினக்ஸில் திரையில் ஜன்னல்கள் வரைவது 'எக்ஸ்' என்ற ஏற்பாடு. 1984-ல் எம்ஐடியில் பிறந்தது (அமெரிக்க எம்ஐடி, நம்ம குரோம்பேட்டை எம்ஐடி அல்ல!). சாதாரண பிசிக்களுக்கு அதைக் கொண்டுவந்தது 1990களின் தொடக்கத்தில் எழுந்த எக்ஸ்ஃப்ரீ86 என்ற திட்டம். தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் லினக்ஸை முதலில் பார்த்தது 'பிசி குவெஸ்ட்' போன்ற பத்திரிகைகளோடு வந்த சிடியில். சிடியைப் போட்டு, இரண்டு மணி நேரம் இன்ஸ்டால் செய்து, ஆசையோடு ரீபூட் செய்தால்... கறுப்புத் திரையில் ஒரு கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும்.

காரணம் என்ன? உங்கள் மானிட்டரின் கிடைமட்ட அதிர்வெண் எவ்வளவு, செங்குத்து அதிர்வெண் எவ்வளவு என்று அதற்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு கோப்பைத் திறந்து கையால் எழுதி! தப்பான எண்ணைப் போட்டால் மானிட்டர் கெட்டுப்போகலாம் என்று கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கும். அப்பா கடன் வாங்கி வாங்கிக் கொடுத்த 15 அங்குல மானிட்டர். யாருக்குத்தான் கை நடுங்காது?

அடுத்தது கிராஃபிக்ஸ் சிப். ரிச்சி தெருவில் உதிரி பாகம் வாங்கி அசெம்பிள் செய்த பிசிக்களில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருப்பது அபூர்வம். மதர்போர்டிலேயே ஒட்டியிருக்கும் இன்டெல், வியா, எஸ்ஐஎஸ் சிப்களில் ஏதோ ஒன்றுதான் படம் காட்டும். பெட்டிக்குள் வரும் டிரைவர் சிடியோ விண்டோஸுக்கு மட்டும். லினக்ஸ்காரர்களுக்கு மிஞ்சியது 'வெசா' என்ற பொது டிரைவர். எந்தக் கார்டிலும் ஓடும், ஆனால் எதிலும் நன்றாக ஓடாது. 1024-க்கு 768 வர வேண்டிய திரை 800-க்கு 600-லேயே நின்றுவிடும். ஜன்னலை நகர்த்தினால் பின்னால் வால் மாதிரி நிழல் வரும்.

படம் பார்ப்பதற்கும் இந்த டிரைவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. வீடியோவைத் திரை அளவுக்குப் பெரிதாக்குவதும், அதன் நிறங்களைத் திரைக்கு ஏற்ற நிறங்களாக மாற்றுவதும் கிராஃபிக்ஸ் சிப்பால் செய்ய முடிகிற வேலைகள். எக்ஸில் இதற்கென 'எக்ஸ்வி' என்ற வசதி உண்டு. சரியான டிரைவர் இருந்தால் எக்ஸ்வி வழியாக அந்த வேலை சிப்புக்குப் போகும். வெசாவில் அது கிடையாது. எல்லாச் சுமையும் ப்ராசஸர் தலையில். அதனால்தான் விண்டோஸில் ஜம்மென்று ஓடிய அதே விசிடி, லினக்ஸில் சின்னச் சதுரத்துக்குள் மட்டும் ஓடும். ஃபுல் ஸ்கிரீன் போட்டால் ரஜினி நடப்பது ஸ்டில் போட்டோ மாதிரித் தெரியும். "லினக்ஸ் ஸ்லோ" என்று அன்றைக்குப் பேர் வாங்கியதில் பாதி, டிரைவர் செய்த பாவம்.

சிப் தயாரிப்பவர்கள் ஏன் டிரைவர் எழுதித் தரவில்லை? எழுதினார்கள், ஒவ்வொருவரும் ஒரு மாதிரி. என்விடியா 2000-லிருந்தே லினக்ஸுக்கு டிரைவர் கொடுத்தது. ஆனால் மூல நிரலைக் காட்டவில்லை. கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் டிரைவரையும் மறுபடி பொருத்த வேண்டும், மறந்தால் கறுப்புத் திரை. ஏடிஐயின் டிரைவரும் மூடியதுதான், அது படுத்திய பாடு தனிக்கதை. ஏடிஐயை வாங்கிய ஏஎம்டி, 2007 செப்டம்பரில் சிப் பற்றிய ஆவணங்களை வெளியிடுவதாக அறிவித்த பிறகுதான் அந்தப் பக்கம் நிலைமை மாறியது. இன்டெல் திறந்த டிரைவர் கொடுத்த நல்ல பிள்ளை. ஆனாலும் பல இன்டெல் போர்டுகளில் பயாஸுக்குள் திரை அளவுகளின் பட்டியல் சரியாக இருக்காது. அதைத் தற்காலிகமாகத் திருத்த '915ரெசல்யூஷன்' என்று ஒரு குட்டி நிரல் இருந்தது. கம்ப்யூட்டரை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது ஓட வேண்டும். நல்ல பிள்ளைக்கே இந்தக் கதி!

இந்தச் சமயத்தில் எக்ஸ்ஃப்ரீ86 வீட்டுக்குள்ளும் சண்டை. 2004-ல் அதன் உரிமத்தை மாற்றியதும் பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகள் அதைக் கைவிட்டு எக்ஸ்.ஆர்க் என்ற புதிய கிளைக்கு மாறிவிட்டன. சாதாரணப் பயனருக்கு இதில் தெரிந்த மாற்றம், நடுங்கிக்கொண்டே திருத்தும் கோப்பின் பெயர் மாறியதுதான்.

சரி, படம் தெரிகிறது. பாட்டு?

இங்கேதான் கதை கம்ப்யூட்டரை விட்டு கோர்ட்டுக்குப் போகிறது. எம்பி3 ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தின் முக்கியப் பங்கில் உருவானது. அதன் மீது காப்புரிமைகள் இருந்தன. 1998-லேயே இலவச எம்பி3 மென்பொருள் எழுதியவர்களிடம் ராயல்டி கேட்டுக் கடிதம் போய்விட்டது. 2002-ல் ரெட் ஹாட் தன் 8.0 பதிப்பிலிருந்து எம்பி3 வசதியையே எடுத்துவிட்டது. ஆக, புத்தம் புது லினக்ஸை நிறுவி, இளையராஜா பாடல்கள் நூறு அடங்கிய எம்பி3 சிடியைப் போட்டால், மூச்சு இருக்காது! ஃபைல் தெரியும், பெயர் தெரியும், சத்தம் மட்டும் வராது.

தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் எம்பி3 சிடி எப்படிப்பட்ட பொருள் என்று சொல்லத் தேவையில்லை. ஆட்டோவில், டீக்கடையில், ஹாஸ்டலில், பிளாட்பாரத்தில் எங்கும் அதுதான். அதைப் பாடத் தெரியாத ஒரு கம்ப்யூட்டரை எவ்வளவு பெரிய சித்தாந்தம் சொன்னாலும் யார் வைத்துக்கொள்வார்கள்?

இதில் வேடிக்கை என்னவென்றால், ரெட் ஹாட்டை அப்படிச் செய்ய வைத்தது அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம். இந்தியாவில் நிலைமை வேறு. 2002-ல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரல் அந்த வடிவில் காப்புரிமைக்கு உரியதல்ல என்று சொல்கிறது. 2004 டிசம்பரில் இதைத் தளர்த்த மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியது. 2005-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்தத் தளர்வு இடம்பெறவில்லை. அதாவது டெல்லியில் இவ்வளவு போராடித் தக்கவைத்த ஒரு உரிமை, திருமழிசையில் சிடியைப் போட்டவருக்குப் பயன்படவில்லை. அமெரிக்காவுக்காக வெட்டப்பட்ட அதே சிடிதான் இங்கேயும் வந்தது.

டிவிடி கதை இன்னும் சுவாரஸ்யம். டிவிடி படங்கள் ஒரு பூட்டோடு வரும். உலகத்தைப் பல மண்டலங்களாகப் பிரித்து, இந்தியாவை 5-ஆம் மண்டலத்தில் வைத்திருந்தார்கள். லினக்ஸில் அந்தப் பூட்டைத் திறக்க அனுமதி பெற்ற மென்பொருள் எதுவும் சாதாரணமாகக் கிடைக்கவில்லை. 1999-ல் நார்வேயைச் சேர்ந்த 15 வயதுப் பையன் யோன் லெக் யோஹான்சன், பெயர் வெளியிடாத வேறு சிலரோடு சேர்ந்து பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்டார். பிளஸ் ஒன் படிக்கிற வயசு! வழக்குப் போட்டார்கள். 2003 ஜனவரியில் விடுதலை, மேல்முறையீட்டில் அதே டிசம்பரில் மறுபடியும் விடுதலை. காசு கொடுத்து வாங்கிய டிவிடியைத் தன் கம்ப்யூட்டரில் பார்ப்பது குற்றமா என்பதுதான் அந்த வழக்கின் மையக் கேள்வி. இந்தியாவில் பூட்டை உடைப்பது பற்றிய பிரிவே 2012-ல்தான் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்தது. அதுவும் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு செய்தால்தான் குற்றம் என்கிறது.

காப்பாற்றியவர்கள் வேறு பக்கம் இருந்தார்கள். 2000-ல் ஹங்கேரியில் ஒருவர் லினக்ஸில் நல்ல வீடியோ ப்ளேயர் இல்லையே என்ற எரிச்சலில் எம்ப்ளேயரைத் தொடங்கினார். அதே வருடம் பிரான்ஸில் ஃபாப்ரீஸ் பெல்லார் எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கினார். இன்று உலகில் ஓடும் வீடியோவில் கணிசமான பங்கு எங்கோ ஓரிடத்தில் அதைத் தொட்டுத்தான் வருகிறது. பாரிஸில் ஒரு கல்லூரி மாணவர்கள் 1996-ல் கேம்பஸ் நெட்வொர்க்கில் வீடியோ பார்க்கத் தொடங்கிய ப்ராஜெக்ட், 2001-ல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்து விஎல்சி ஆனது. ஆம், அந்த ஆரஞ்சு நிறக் கூம்புதான். காலேஜ் ப்ராஜெக்ட் என்றால் ஸ்பைரல் பைண்டிங்கோடு முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆக மருந்து இருந்தது. ஆனால் அதை டவுன்லோட் செய்ய வேண்டும். 2005-ல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தபோது வேகம் 256 கேபிபிஎஸ். 100 எம்பி இறங்க, எல்லாம் ஒழுங்காக நடந்தால், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மாத வரம்பு வேறு. சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லாமல் இறக்கலாம் என்றிருந்தது, அதற்காக அலாரம் வைத்து எழுந்தவர்கள் உண்டு. வீட்டில் இணைப்பே இல்லாதவர்களுக்கு பிரவுசிங் சென்டரும் பென் டிரைவும்தான் கதி. லினக்ஸிலோ ஒரு கோடெக்கை எடுத்துப் போனால் அது இன்னும் நான்கு கோப்புகளைக் கேட்கும்; வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். மறுநாள் மறுபடி சென்டருக்கு நடை. "ஒரே கட்டளைதான், டைப் செய்தால் எல்லாம் வந்துவிடும்" என்று எழுதியவர்கள் எல்லோரும் நல்ல இணைப்பு உள்ளவர்கள்!

உபுண்டு சிடிகளைத் தபாலில் இலவசமாக அனுப்பிய ஷிப்இட் திட்டம் (2011 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது) இணைப்பு இல்லாதவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் அந்தச் சிடியிலும் எம்பி3 கிடையாது. இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் மனிதர்கள்தான். சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதாமாதம் ஐஐடி வளாகத்தில் கூடியது. திருமழிசையிலிருந்து போவதென்றால் பூந்தமல்லி, கிண்டி என்று பஸ் மாறி அரை நாள் பயணம். அங்கே ஒருவர் லேப்டாப்பில் இருக்கும் மொத்தத் தொகுப்பும் இன்னொருவர் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். இந்தப் பிரச்சினைகளைத் தமிழிலேயே படிக்க 'கணியம்' மின்னிதழ் 2012 ஜனவரியில் வந்தது.

கல்லூரிகளில் கிராஃபிக்ஸ் டிரைவர் மேல் திடீர் ஆசை வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2006-ல் நோவெல் நிறுவனம் வெளியிட்ட காம்பிஸ். டெஸ்க்டாப் ஒரு கனசதுரமாகச் சுழலும், ஜன்னலைப் பிடித்து இழுத்தால் ஜெல்லி மாதிரி ஆடும். விஸ்டா வைத்திருப்பவனை வாய் பிளக்க வைக்க இது போதும். முப்பரிமாண டிரைவர் இல்லாமல் இது ஓடாது. எனவே லேப் எக்ஸாமுக்குப் படிக்காதவர்கள்கூட ராத்திரி முழுக்க உட்கார்ந்து டிரைவர் போடக் கற்றுக்கொண்டார்கள். கனசதுரம் சுழன்றதும், பல சிப்களில் வீடியோ ஓட வேண்டிய இடத்தில் வெறும் நீலக் கட்டம் தெரியும். பழைய எக்ஸ்வியும் புதிய காம்பிஸும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. கனசதுரமா, படமா, ஒன்றைத் தேர்ந்தெடு!

அதே ஆண்டுகளில் அரசுப் பக்கமும் ஒரு முயற்சி நடந்தது. எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐஏஎஸ், நோவெலின் சூசே லினக்ஸுக்கு அந்த நிறுவனத்தை மாற்றினார். அரசு ஒரு பெரிய கொள்முதல்காரர் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தனி ஆள் ரிச்சி தெருவில் போய் "இது லினக்ஸில் ஓடுமா?" என்று கேட்டால் கடைக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். அதே கேள்வியை ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் வாங்கும் டெண்டரில் நிபந்தனையாக எழுதிவிட்டால், டிரைவர் தேடும் வேலை விற்பவர் தலையில் விழும். லினக்ஸ் வரலாற்றில் கெர்னல் எழுதியவர்களுக்குப் பேர் உண்டு, டெண்டர் எழுதியவர்களுக்கு இல்லை. இருந்திருக்கலாம்.

2009, 2010-ல் டிரைவர் உலகம் உண்மையாகவே மாறியது. திரையை அமைக்கும் வேலை கெர்னலுக்குள்ளேயே போனது. முதலில் 2.6.29-ல் இன்டெலுக்கு. மானிட்டர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் தகவலைக் கெர்னல் படித்து, சரியான அளவைப் போட்டது. அந்தக் கோப்பைத் திருத்தும் காலம் பெரும்பாலோருக்கு முடிந்தது. காக்களூரில் மேடை போட்டபோது அந்த நல்ல காலம் தொடங்கியிருந்தது.

அப்படியானால் அந்த லேப்டாப்பில் லினக்ஸ் ஏன் பெரிதாக எடுபடவில்லை? எதிரியான விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஒன்றும் மகராஜா அல்ல. அதில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது! டிவிடி படம் ஓட்டத் தேவையான எம்பெக்-2 டிகோடர் அதில் கிடையாது. அதுவும் லைசன்ஸ் காசு விவகாரம்தான். விஎல்சி போட்ட லினக்ஸ், படம் ஓட்டுவதில் அதைவிட ஒரு படி மேல். ஆனால் ஸ்டார்ட்டர் பிடிக்காதவர் என்ன செய்வார்? தெருமுனைக் கடையில் கொடுத்தால் கொஞ்சம் ரூபாய்க்கு அவர் 320 ஜிபியையும் துடைத்து, எல்லா கோடெக்கும் டிரைவரும் சேர்த்த திருட்டு அல்டிமேட் போட்டுத் தருவார். பாஸும் சேர்ந்து போய்விடும். இலவச லினக்ஸ் போட்டியிட்டது விலை கொடுத்து வாங்கும் விண்டோஸோடு அல்ல, இன்னொரு இலவசத்தோடு. அந்த இலவசத்தில் முதல் நாளே பாட்டு ஓடியது. லினக்ஸில் பாட்டு ஓட வைக்கத் தெரிந்த ஒரு அண்ணன் தெருவுக்கு ஒருவர் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். பத்து வருடம் கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டிக் கற்றவர்களோ பெரும்பாலும் நகரத்துக் கல்லூரிகளில் இருந்தார்கள்.

அதன் பிறகு தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 2014 ஏப்ரல் 8-ல் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தபோது, தமிழ்நாடு அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. எம்பி3 உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. இருபது வருடச் சண்டை சத்தமில்லாமல் முடிந்தது. 2022 மே மாதம் என்விடியாவே தன் கெர்னல் பகுதி டிரைவரின் மூல நிரலைத் திறந்தது. டெபியன் 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து, மூடிய ஃபர்ம்வேரையும் இன்ஸ்டால் சிடியிலேயே சேர்த்தது.

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. 2022-ல் ஃபெடோரா, எச்.264 வீடியோவைக் கிராஃபிக்ஸ் சிப் வழியாக விரிக்கும் வசதியைக் காப்புரிமைப் பயத்தில் எடுத்துவிட்டது. வெளிக் களஞ்சியம் ஒன்றிலிருந்து மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். 2002-ல் ரெட் ஹாட் செய்ததை, அதே வீட்டுப் பிள்ளை இருபது வருடம் கழித்துச் செய்தது. இப்போது இணைய வேகம் மட்டும் பரவாயில்லை.

2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். எல்காட் விட்ட டெண்டரில் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்று கேட்டிருந்தது. இயங்குதளம் என்ற வரியில் விண்டோஸ் 11 ஹோம், கூடவே பாஸ் லினக்ஸ். மறுபடியும் இரண்டு.